வறுமை மட்டுமா காரணம்? சுகாதாரப் பொருளியலும் சாதியும்

தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின் வழியாகப் பரவிய இந்த எண், இன்று நம்முடைய துண்டறிக்கைகளிலும் கருத்தரங்குகளிலும் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. இறந்துபோன தலித் பெண்களின் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்களின் சராசரி வயது 54.1. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் 14.6. வாணி காந்த் பரூவா, நிதி சதானா சபர்வால், சுகதேவ் தோரட் ஆகிய பொருளியலாளர்கள் 2004ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு செய்த கணக்கு அது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணை நாம் எடுத்தாளும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. 'தலித் பெண்ணின் ஆயுட்காலம் 14.6 ஆண்டுகள் குறைவு' என்று அது பெரும்பாலும் எழுதப்படுகிறது. இறந்தவர்களின் சராசரி வயதும், பிறக்கும் ஒருவர் வாழ்வார் என எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதிலிருந்து, உடல்நலமும் ஏற்றத்தாழ்வும் குறித்த பொருளியல் ஆய்வு எப்படி இயங்குகிறது, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

ஒரே ஆபத்து, இரண்டு சராசரிகள்

எளிமைக்காக, சிறு குழந்தைகளும் முதியவர்களும் மட்டுமே வாழும் இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகளில் 10 பேரும், ஆயிரம் முதியவர்களில் 50 பேரும் இறக்கிறார்கள். அதாவது, சாவின் ஆபத்து இரு ஊர்களிலும் ஒன்றே. இறக்கும் குழந்தையின் வயது 2 என்றும் முதியவரின் வயது 70 என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் ஊரில் 500 குழந்தைகள், 500 முதியவர்கள். அங்கு ஆண்டுக்கு 5 குழந்தைகளும் 25 முதியவர்களும் இறப்பார்கள். இறந்தவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 59. இரண்டாவது ஊரில் 900 குழந்தைகள், 100 முதியவர்கள். அங்கு 9 குழந்தைகளும் 5 முதியவர்களும் இறப்பார்கள். சராசரி வயது 26. ஆபத்து ஒன்றாக இருந்தும் சராசரி வயதில் 30 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி தோன்றிவிடுகிறது. இரண்டாவது ஊரில் இளையோர் அதிகம் என்பதே காரணம்.

இளையோர் விகிதம் கூடுதலாக உள்ள எந்தச் சமூகத்துக்கும் இறந்தவர்களின் சராசரி வயது குறைவாகவே தெரியும். எனவே, ஒவ்வொரு வயதிலும் இறப்பு விகிதத்தைத் தனித்தனியே கணக்கிட்டு, அதிலிருந்தே எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலத்தைப் பெற வேண்டும். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒடிசா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், உத்தரகண்ட் ஆகிய ஒன்பது மாநிலங்களின் தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிடுகையில் பழங்குடியினரின் ஆயுட்காலம் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. தலித்துகளுடையது மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. முஸ்லிம்களுடையது ஏறத்தாழ ஓராண்டு குறைவு.

14.6 எங்கே, 3 எங்கே என்று தோன்றலாம். ஆனால் மூன்று ஆண்டுகள் என்பது சிறிய எண் அன்று. ஒரு சமூகத்தில் பிறக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக மூன்று ஆண்டுகள் பறிக்கப்படுகின்றன என்பது அதன் பொருள். நீதிமன்றத்திலோ சட்டமன்றத்திலோ எதிர்த்தரப்பு வல்லுநர் ஒருவர் கேள்வி கேட்டால் அசையாமல் நிற்கக்கூடிய எண்ணும் அதுவே. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு நமக்கு இன்னும் முக்கியமானது. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவானதையே பொருளாதார நிலை விளக்குகிறது. மீதியை வறுமையின் கணக்கில் எழுத முடியாது.

துறை உருவான வழி

மருத்துவம் மற்ற பண்டங்களைப் போன்றதன்று என்பதைப் பொருளியல் மொழியில் முறையாக நிறுவியது, அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை. எப்போது நோய் வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தபின் எந்தச் சிகிச்சை தேவை என்பது நோயாளியைவிட மருத்துவருக்கே அதிகம் தெரியும். வாங்குபவரும் விற்பவரும் சமமான அறிவோடு பேரம் பேசும் சந்தை இங்கே இல்லை. சுகாதாரப் பொருளியல் என்ற தனித்துறைக்கு இக்கட்டுரையே அடித்தளம் என்பர்.

ஏற்றத்தாழ்வு குறித்த கேள்வி அத்துறைக்குள் வலுப்பெற்றதில் பிரிட்டனுக்குப் பெரும்பங்கு உண்டு. லண்டனின் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18 ஆயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்து 1967இல் தொடங்கிய ஆய்வு 'வைட்ஹால் ஆய்வு' என்று அறியப்படுகிறது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் தம் வாழ்நாள் பணியை இந்த ஆய்வின் மீதே கட்டியெழுப்பினார். கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர்மட்ட அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது. அவர்கள் அனைவருக்கும் நிரந்தர வேலையும் மாத ஊதியமும் இருந்தன; கட்டணமில்லா அரசு மருத்துவமும் கிடைத்தது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களால் இடைவெளியின் ஒரு பகுதியை மட்டுமே விளக்க முடிந்தது. அலுவலகப் படிநிலையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடல்நலமும் ஒரு படி இறங்கியது.

சாதியைப் 'படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை' என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. ஓர் அலுவலகத்தின் பதவிப் படிநிலையே உடலில் இவ்வளவு தடம் பதிக்கும் என்றால், பிறப்பிலேயே விதிக்கப்பட்டு, பதவி உயர்வால் மாறாத, ஊரையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் படிநிலை என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

அம்பேத்கரும் பொருளியலாளர்தான். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பெண்களின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்று வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் கவனித்தபோதுதான், தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு குறித்த அதார்க்கர் அறிக்கை 1944இல் அத்துறையிடம் அளிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், அந்த அறிக்கையின் வழியே வந்தது. நோயின் செலவை யார் ஏற்பது என்பது சுகாதாரப் பொருளியலின் மையக் கேள்வி. அதை அரசியல் கேள்வியாக எழுப்பிய மரபு நம்முடையது.

அளவுகோல் எதைப் பார்க்கிறது?

உடல்நல ஏற்றத்தாழ்வை அளக்க உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கருவி செறிவுக் குறியீடு. 'கான்சன்ட்ரேஷன் இண்டெக்ஸ்' என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இதுதான். பொருளியலாளர்கள் ஆடம் வாக்ஸ்டாஃப், எடி வான் டோர்ஸ்லேர் முதலியோர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதை உடல்நல ஆய்வில் நிலைநிறுத்தினார்கள். வாக்ஸ்டாஃப் பின்னர் உலக வங்கியில் பணியாற்றினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், குடும்ப ஆய்வுத் தரவுகளிலிருந்து ஏற்றத்தாழ்வை எப்படிக் கணக்கிடுவது என்று படிப்படியாகக் கற்றுத்தருகிறது. வளரும் நாடுகளின் ஆய்வு மாணவர்கள் பலர் இத்துறைக்குள் நுழைந்தது அந்த நூலின் வழியாகவே.

கருவியின் அடிப்படை எளிது. ஓர் ஊரின் மக்கள் அனைவரையும் மிக ஏழையிலிருந்து மிகப் பணக்காரர்வரை வரிசையில் நிறுத்துகிறோம். பிறகு, எடை குறைந்த குழந்தைகளை அந்த வரிசையின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகிறோம். வரிசையின் ஏழைப் பாதியினரிடம் பாதி நோய் இருந்தால் குறியீடு சுழியத்தை ஒட்டி நிற்கும். பெரும்பகுதி நோய் வரிசையின் ஏழை முனையிலேயே குவிந்திருந்தால் குறியீடு சுழியத்துக்குக் கீழே இறங்கும். நாடுகளையும் ஆண்டுகளையும் ஒரே எண்ணால் ஒப்பிட இது உதவுகிறது.

ஆனால் இந்த வரிசை செல்வத்தின் வரிசை. ஒரே அளவு சொத்துள்ள தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் அதில் அருகருகே நிற்கும். முதல் வீட்டுக் குழந்தை தொடர்ந்து நோயுற்றும் இரண்டாவது வீட்டுக் குழந்தை நலமாகவும் இருந்தாலும், குறியீட்டின் பார்வையில் அங்கே ஏற்றத்தாழ்வு என்று எதுவும் இல்லை. கருவியை உருவாக்கியவர்களின் குற்றம் அன்று இது. வருவாய் வேறுபாடே முதன்மைக் கேள்வியாக இருந்த சமூகங்களில் உருவான கருவி, வருவாயைத்தான் பார்க்கும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, 'ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது' என்று அறிவிப்பவர்களிடம், எந்த ஏற்றத்தாழ்வு என்று நாம் கேட்க வேண்டும்.

சாதியைப் பார்க்க வேறு முறை தேவை. 1973இல் ரொனால்ட் வஹாக்கா, ஆலன் பிளைண்டர் என்ற இரு பொருளியலாளர்கள் கூலி வேறுபாட்டை ஆராயத் தனித்தனியே முன்வைத்த பகுப்பு முறை அதற்குப் பயன்படுகிறது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர்கள் பட்டியல் சாதியினரிடையே 45 பேர். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரிடையே 32 பேர். இந்த 13 உயிர்களின் இடைவெளியை எடுத்துக்கொண்டு, தலித் குடும்பங்களுக்கும் அதே சொத்து, அதே அளவு தாயின் கல்வி, அதே குடிநீர், அதே கழிப்பறை இருந்திருந்தால் இடைவெளி எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று பகுப்பு முறை கேட்கிறது. சுருங்கும் பகுதி 'விளக்கப்பட்டது'. சுருங்காத பகுதி 'விளக்கப்படாதது'.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, 'விளக்கப்பட்ட' பகுதி சாதிக்கு வெளியே இருப்பதன்று. தலித்துகளிடம் நிலம் இல்லை, நல்ல வேலை இல்லை, அதனால் நோய் அதிகம் என்று சொல்வது விளக்கத்தின் பாதிதான். ஏன் நிலம் இல்லை, ஏன் வேலை இல்லை? தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்கள் வெவ்வேறு சாதி அடையாளமுள்ள பெயர்களோடு தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயருள்ள விண்ணப்பத்துக்குச் சாதகமான பதில் வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால், தலித் பெயருள்ளதற்கு அது 0.67தான். வருவாயும் பாகுபாட்டின் வழியாகவே வந்துசேர்கிறது. வருவாயைச் 'சமன் செய்துவிட்டு' சாதியைத் தேடும் ஆய்வு, சாதியின் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து முன்கூட்டியே நீக்கிவிடுகிறது.

இரண்டாவது, 'விளக்கப்படாத' பகுதி முழுவதையும் பாகுபாடு என்று உடனே பெயரிட்டுவிடவும் முடியாது. ஆய்வில் கேட்கப்படாத பல அதில் ஒளிந்திருக்கலாம். அது எதனால் ஆனது என்று காட்டுவதற்குக் கள ஆய்வு வேண்டும்.

இடைவெளிக்குள் இருப்பது என்ன?

அத்தகைய கள ஆய்வுகளில் ஒன்று, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா செய்தது. இந்திய தலித் ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட அந்த ஆய்வில், குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளின் அனுபவங்கள் பதிவுசெய்யப்பட்டன. மருத்துவ வசதி இருக்கிறதா என்ற வழக்கமான கேள்வியோடு அவர் நிற்கவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்தார்களா, மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள், எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், எந்தச் சொற்களால் அழைத்தார்கள், வீட்டுக்குள் வந்தார்களா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு எண்ணினார். தொடாமல் மருந்து தருவது உட்பட, தீண்டாமை மருத்துவச் சேவையின் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது பதிவாயிற்று.

இதை ஏன் பொருளியலாளர் கவனிக்க வேண்டும்? அவமதிப்புக்கும் விலை உண்டு. ஒருமுறை அவமதிக்கப்பட்ட தாய், அடுத்த முறை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகத் தயங்குகிறாள். நாள் கடந்தபின் தனியார் மருத்துவமனைக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். கட்டணமில்லாச் சிகிச்சை என்று அரசு எழுதிவைத்திருப்பது அவளுக்குக் கட்டணமில்லாததாக இருப்பதில்லை.

குழந்தைகளின் உயரத்தைக் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வொன்று இதே செய்தியை வேறு திசையிலிருந்து சொல்கிறது. டையன் காஃபி, அஸ்வினி தேஷ்பாண்டே, ஜெஃப்ரி ஹாமர், டீன் ஸ்பியர்ஸ் ஆகியோர் செய்தது அது. கிராமப்புறப் பழங்குடிக் குழந்தைகளின் உயரக் குறைவைப் பொருளாதார நிலையும் வாழிடமும் விளக்கின. பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் அவை போதவில்லை. ஒரு குழந்தையின் குடும்பத்தைவிடச் சாதிப் படிநிலையில் மேலே இருப்பவர்கள் அந்தப் பகுதியில் எத்தனை பங்கு என்பது அந்தக் குழந்தையின் உயரத்தோடு தொடர்புகொண்டிருந்தது. தங்களைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களே சூழ்ந்திருக்கும் இடங்களில் வாழும் தலித் குழந்தைகள், அதே பொருளாதார நிலையிலுள்ள உயர்சாதிக் குழந்தைகளைவிடக் குட்டையாக இல்லை.

இம்முடிவின் கனத்தைக் கவனிக்க வேண்டும். 'அவர்களின் உடல்வாகு அப்படி', 'அவர்களின் உணவுப் பழக்கம் அப்படி' என்ற பேச்சுக்கு இதன்பின் இடமில்லை. அதே மக்கள், ஆதிக்கம் செலுத்துவோர் குறைவாக உள்ள இடத்தில் வளர்கிறார்கள்.

பாகுபாடு நோயாளியின் பக்கத்தில் மட்டும் நிகழ்வதில்லை. மருத்துவர்களை உருவாக்கும் இடத்திலும் அது இருக்கிறது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வேறுபடுத்தி நடத்தப்படுவதாக எழுந்த புகார்களை விசாரிக்க 2006இல் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2007இல் அது அளித்த அறிக்கை, விடுதியிலும் வகுப்பறையிலும் நிலவிய ஒதுக்கலை விரிவாகப் பதிவுசெய்தது. எய்ம்ஸ் நிர்வாகம் அதை ஏற்கவில்லை.

செலவழிக்காதவர் கணக்கில் வருவதில்லை

கொள்கை வகுப்பில் இன்று அதிகம் பேசப்படும் அளவுகோல் 'பேரழிவுச் செலவு'. ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் 10 அல்லது 25 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவிட நேர்ந்தால் அது பேரழிவுச் செலவு. நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இதுவும் ஓர் அளவுகோலாக இருந்தது. இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலவிடும் பங்கு, தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.

குறைந்திருப்பது நல்ல செய்திதான். ஆனால் இவ்வகை அளவுகோல்களில் ஒரு பொறி உள்ளது. மருத்துவமனைக்கே போகாதவரின் மருத்துவச் செலவு சுழியம். சிறுநீரகம் பழுதடைந்து, சிகிச்சை பெற வழியின்றி வீட்டிலேயே இறந்துபோகும் கூலித் தொழிலாளியின் குடும்பம், இந்தக் கணக்கில் 'பாதுகாக்கப்பட்ட குடும்பம்' ஆகிவிடும். நிலத்தை அடகுவைத்துச் சிகிச்சை பெற்றவர் பாதிக்கப்பட்டவராகப் பதிவாவார். அடகுவைக்க நிலமே இல்லாதவர் பதிவாக மாட்டார். தலித்துகளில் பெரும்பாலோர் நிலமற்றவர்களாக இருக்கும் நாட்டில், செலவை மட்டும் பார்க்கும் அளவுகோல் யாரை மறைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே செலவோடு சேர்த்து, தேவை இருந்தும் பெறாத சிகிச்சையையும் கணக்கிட வேண்டும்.

காப்பீட்டுத் திட்டங்களையும் இந்தப் பார்வையில் ஆராயலாம். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பீடு அளித்தது. பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு இவை உயிர்காக்கும் உதவிகள். ஆனால் ஆயுஷ்மான் பாரத் போன்ற திட்டம் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவருக்கானது; சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மாத்திரை வாங்குபவரின் செலவு அதில் அடங்காது. கிராம சுகாதார செவிலியர் சேரிக்குள் வருவதில்லை என்ற குறையை எந்தக் காப்பீட்டு அட்டையும் தீர்க்காது. நோயின் காரணம் வறுமை மட்டுமே என்று முடிவுசெய்தவர்கள் பணத்தையே மருந்தாகத் தருவார்கள். காரணத்தில் பாதிக்கு மேல் வேறெங்கோ இருக்கும்போது, அந்த மருந்து பாதி வேலையைத்தான் செய்யும்.

கேட்கப்படாத கேள்விகள்

மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2020இல் தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் 13. இந்தியச் சராசரி 28. இது பெருமைக்குரியதே. ஆனால் அதே திட்டத்தின் வெளியீடுகள் ஆயுட்காலத்தை ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்துத் தருகின்றன, சாதிவாரியாகத் தருவதில்லை. மேலே சொன்ன ஆயுட்கால ஆய்வு ஒன்பது மாநிலங்களோடு நின்றதற்கு, அதற்குத் தேவையான தரவு அந்த மாநிலங்களில் நடந்த தனி ஆய்வு ஒன்றிலிருந்து மட்டுமே கிடைத்தது என்பதே காரணம். தமிழ்நாடு அவற்றில் இல்லை. தமிழ்நாட்டுத் தலித் ஒருவரின் ஆயுட்காலம் பிறரைவிட எவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விடை எதுவும் கிடையாது. மாநிலச் சராசரி நன்றாக இருக்கும்போது, அதற்குள் ஒளிந்திருக்கும் இடைவெளியைக் கேட்பது இன்னும் கடினமாகிறது.

2011இன் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்கள் முழுமையாக வெளியிடப்படவே இல்லை. வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. தலைகளை எண்ணுவதோடு அது நின்றுவிடாமல், இறப்பு, நோய், காப்பீட்டுப் பயன் ஆகிய தரவுகளோடும் சாதி விவரம் இணைக்கப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும். பாதாளச் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் நிகழும் மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் அத்தொழிலால் நுரையீரலும் தோலும் கெட்டு மெல்ல இறப்பவர்களின் கணக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இத்துறைக்குள் நுழைவது எப்படி?

மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டக் கிராமம் ஒன்றில் 1949இல் பிறந்த சுகதேவ் தோரட், அவுரங்காபாத்தில் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் நடத்திய மிலிந்த் கல்லூரியில் படித்தார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2003இல் இந்திய தலித் ஆய்வு நிறுவனம் உருவாக முன்னின்றார். 2006 முதல் 2011 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். மேலே சொன்ன வேலை விண்ணப்ப ஆய்வு, எய்ம்ஸ் அறிக்கை, தலித் பெண்களின் இறப்பு வயதுக் கணக்கு ஆகிய மூன்றிலும் அவர் பெயர் இருப்பது தற்செயலன்று. பாகுபாடு அளக்கக்கூடியது என்று நம்பிய ஒருவர், அதை அளப்பதற்கான நிறுவனத்தையும் சேர்த்தே கட்டினார். சங்கமித்ரா ஆச்சார்யா பின்னர் அதே நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

பொருளியல், புள்ளியியல், சமூகவியல், செவிலியம், மருத்துவம் ஆகிய எந்தப் பட்டப்படிப்பிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், டாடா சமூக அறிவியல் நிறுவனம், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையம், திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம், வளர்ச்சி ஆய்வு மையம், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடவியல் சமூக அறிவியல் துறை ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். முனைவர் பட்டத்துக்குப் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுப் படிப்புக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உள்ளன. தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப அளவிலான தரவுகளைக் கட்டணமின்றிப் பெறலாம். அவற்றை ஆராய 'ஆர்' என்ற இலவச மென்பொருள் போதும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

தடைகளையும் மறைக்கக் கூடாது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் போவது ஆய்வு மாணவர்கள் பலரின் அனுபவம். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டியிருந்ததை ரோகித் வெமுலாவின் இறுதிக் கடிதமும் குறிப்பிட்டது. எனவே இத்துறைக்கு மாணவர்களை அனுப்புவதோடு இயக்கங்களின் கடமை முடிந்துவிடாது. உதவித்தொகை காலத்தில் வரவும், நெறியாளர் பாகுபாடு காட்டும்போது முறையிடவும், ஆய்வு முடிவுகள் தமிழில் வெளிவரவும் துணைநிற்க வேண்டும்.

ஆய்வாளராகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பகுதியில் கிராம சுகாதார செவிலியர் கடந்த மூன்று மாதங்களில் ஊர்த்தெருவுக்கு எத்தனை முறை, சேரிக்கு எத்தனை முறை வந்தார், எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தார், தேவை இருந்தும் சிகிச்சைக்குப் போகாதவர்கள் எத்தனை பேர், ஏன் போகவில்லை என்ற நான்கு கேள்விகளை நூறு வீடுகளில் ஒரே முறையில் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இரு பகுதிகளிலும் ஒரே கேள்வியைக் கேட்பது முக்கியம்; ஒப்பீடு இல்லாத எண், புகாராக மட்டுமே நிற்கும். அந்தப் பதிவோடு மாவட்ட சுகாதார அலுவலரிடம் சென்றால், 'அப்படியெல்லாம் இங்கே கிடையாது' என்ற வழக்கமான பதிலை அவர் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.